கதவின் அடிப்பக்கம்

தொலைபேசி அலுவலகத்தின் பின்பக்கத்தில், பதுங்கறைக்கு இறங்கும் படிக்கட்டின் மேல்படியில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சற்று நேரம் நின்றாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஊழியர் குடியிருப்பிலிருந்து ஆட்கள் தண்ணீர்ப் புட்டியும் கைவிசிறியும் மடித்த செய்தித்தாளுமாக, ரயிலுக்குக் காத்திருக்கப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒதுங்கிக் கீழே இறங்கிப் போனார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அணுகுண்டு ஒத்திகை அது. சங்கு ஊதியதும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு இறங்க வேண்டும். எல்லோரும் உள்ளே போனதும் இரும்புக் கதவைச் சாத்தி, அதன் சக்கரத்தை முறுக்கிவிடுவார்கள். பிறகு, ஆபத்து நீங்கியது என்று நீளச் சங்கு ஊதும்வரை கதவு திறக்காது. வெளியே யார் வந்து எப்படிக் கதறினாலும் திறக்கக் கூடாது. உள்ளிருந்து பதில்கூடச் சொல்லக் கூடாது. வெளியே நிற்கிறவரின் தலைமுடியிலும் சட்டையிலும் நச்சுத்தூசி படிந்திருக்கும். ஒருவருக்கு இரக்கப்பட்டால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. பயிற்சியின் சாரமே அதுதான்.

அவளுக்கு இந்த விதி மனப்பாடம். போன வருடம் இதே விதியால்தான் அவள் கணவர் இறந்துபோனார்.

எதிர்வீட்டுக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். யாரையும் வாயாலேயே வறுத்தெடுப்பவள், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உன்னையெல்லாம் வரச் சொல்லியிருக்கக் கூடாதுடி அவங்க.”

“வரலைன்னா குடியிருப்பைக் காலி பண்ணுங்கிறாங்க அக்கா.”

“நல்லா இருக்கு நியாயம். குண்டுக்குத் தப்பிச்சா போதுமா, இவங்களுக்கு யாரு தப்பிக்கிறது?” என்றவள் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கணவர் லைன்மேனாக இருந்தவர். கம்பம் ஏறுவதை விட ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவதில்தான் அவருக்குப் பேர். ‘நாடகம்’ என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அதனால்தான் ஒத்திகையில் தட்டுகிற வேலை அவருக்கு வந்தது. கதவுக்காவலரின் நெஞ்சுரத்தைச் சோதிக்க, கதவு சாத்திய பிறகு ஒருவர் வெளியே நின்று தட்டிக் கெஞ்ச வேண்டும். கைக்குழந்தைக்காரி மாதிரி அழுவார். குழந்தையாகவும் அவரே அழுவார். கண் தெரியாத கிழவராக இருமுவார். மேலதிகாரியாகி, திறக்காவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று மிரட்டுவார். உள்ளே விலா நோகச் சிரிப்பார்கள். அவளுடைய அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார். அவர்தான் கதவுக்காவலர். சக்கரத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, வேறு யாருக்கும் இல்லாத பொறுப்பு தனக்கு மட்டும் இருப்பது போல நிற்பார். மேலே வந்ததும் மச்சினர் இரண்டு பேருக்கும் ஒரே கலாட்டா. “நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவீங்கல்ல மச்சான், அப்ப நானும் திறக்க மாட்டேன். வாசல்லயே நின்னு அழுங்க” என்பார் கணவர்.

போன வருடம் கிழவராகத்தான் தொடங்கினார். இருமினார். நெஞ்சு வலிக்கிறது என்றார். கதவை இரண்டு கைகளாலும் அறைந்தார். உள்ளே சிரிப்பு. இன்றைக்கு என்னவோ ரொம்பத்தான் நடிக்கிறார் என்று உரக்கச் சொன்னது அவள்தான். சிரிப்பு இன்னும் பெரிதானது. பிறகு தட்டுகிற சத்தம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தோள் உயரத்திலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால். கடைசியில் கதவின் அடிப்பக்கத்தில், விரல் கணுவால் தட்டுவது போலச் சன்னமாக.

“மச்சான்” என்று ஒரு குரல். அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். நாடகத்துக்கு வேஷம் கலைந்துபோச்சு என்றார் யாரோ. தட்டுகிறவர் முன்பின் தெரியாத ஆள் என்பதுதான் ஒத்திகையின் விதி. உள்ளே இருக்கிற எவரையும் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நீளச் சங்கு ஊதிக் கதவைத் திறந்தபோது, அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் மல்லாக்க உள்ளே விழுந்தார். தலைமுடியெல்லாம், நச்சுத்தூசி என்று படிகளில் தூவியிருந்த வெள்ளைப்பொடி.

அண்ணனை யாரும் குற்றம் சொல்லவில்லை. விதியை மீறாதவர் என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். அதன் பிறகு அவர் தங்கை வீட்டு வாசற்படி ஏறவில்லை. எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

கீழே புதுப் பெயின்ட்டின் வாடை முகத்தில் அடித்தது. ஒத்திகைக்காகச் சுவர், பெஞ்சு, தண்ணீர் டிரம் எல்லாவற்றுக்கும் பச்சை அடித்திருந்தார்கள். கூரையில் பேட்டரி விளக்குகள் மங்கலாக எரிந்தன. மூலையில் காற்று யந்திரம். ஆலையில் கரும்பு பிழிகிற மாதிரி கைப்பிடியைச் சுற்றினால், குழாய் வழியாக மேலிருந்து காற்றை இழுத்து, வடிகட்டியில் வடித்து உள்ளே விடும். ஆள் மாற்றி ஆள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். ஒரு வருடத்துக்குள் பத்து வயது கூடினாற்போல ஆகிவிட்டிருந்தார். தங்கையைப் பார்க்காமல், தங்கை மகளைப் பார்த்து, “மாமா பக்கத்துல வேணாம்டா. உள்ள தள்ளி உட்காரு” என்றார். அவ்வளவுதான்.

பயிற்சி அதிகாரி இளவயதுக்காரர். அவளுக்காகவே சொல்வது போல, இந்த வருடம் தட்டுகிறவர் கிடையாது என்று எல்லோரிடமும் அறிவித்தார். அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்களாம். கதவைச் சாத்திய பின் வழக்கம்போலப் படிகளில் பொடி மட்டும் தூவுவார்கள். அது நச்சுத்தூசி என்று வைத்துக்கொள்ள வேண்டும். வெளியேறும்போது யார் காலில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பதற்கு. கீழ்ப்படியில் தொடங்கி, பின்பக்கமாகவே நடந்து மேலேறி, கடைசிப் படிவரை தூவிவிடுவார்கள். மேலே இந்த வருடம் புது ஜெனரேட்டர் வந்திருக்கிறது, மின்சாரம் போனாலும் சங்கு ஊதும் என்றும் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

கதவைச் சாத்தினார்கள். அண்ணன் சக்கரத்தை முறுக்கினார். ரப்பர் பட்டை நசுங்கி, வெயிலின் கடைசிக் கீற்றும் அறுந்துபோனது.

வெளியே பொடி தூவும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, மழைத் தூறல் போல. அதுவும் மேலேறிப் போய்விட்டது.

முதலில் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரி, இந்த இருட்டில் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிடப்பதற்குக் குண்டே தேவலை என்றாள். பேச்சு மெல்லக் குறைந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். அது பெஞ்சு நெடுகப் பரவியது. பெயின்ட் வாடை நெற்றியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“தலை வலிக்குதும்மா.”

“பெயின்ட்டுதான் கண்ணு. காத்து வந்தா சரியாயிடும்.”

சுற்றிக்கொண்டிருந்தவர் களைத்துப்போய்க் கையை உதறினார். அவள் எழுந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்தாள். மகளுக்குக் காற்று வேண்டும் என்று வேகமாகச் சுற்றினாள். குழாயின் வாயிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பெயின்ட் வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருப்பது போலிருந்தது. ஆனால் வடிகட்டி அணுத்தூசியையே தடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

மகள் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரியின் கையிலிருந்த விசிறி கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

கைப்பிடி அவள் கையில் நின்றுபோனது.

மேலே ஏதோ விழுந்திருக்கும் என்று நினைத்தாள். தண்ணீர்க் குழாய் விம்முகிற சத்தமாக இருக்கும். பயிற்சிக்காரர்கள் மனசு மாறி வேறு யாரையாவது அனுப்பியிருப்பார்கள்.

டொக். டொக்.

தட்டுகிறவர்கள் நின்றபடி தட்டுவார்கள். தோள் உயரத்தில் தட்டுவார்கள்.

இது கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

அண்ணனைப் பார்த்தாள். அவர் சக்கரத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி சிலை மாதிரி நின்றிருந்தார். அந்த மங்கல் வெளிச்சத்திலும் அவர் நெற்றி வேர்த்திருப்பது தெரிந்தது. காதில் விழாமல் இல்லை.

“யாரோ தட்டுறாங்கப்பா” என்று ஒருவர் தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்துவிட்டு மறுபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மற்ற யாரும் அசையவில்லை. அசையாமல் இருப்பதை அவள் அப்போதுதான் முழுதாகக் கவனித்தாள். ஒத்திகையில் இப்படி யாரும் தூங்கியதில்லை. பெஞ்சு முழுக்க, அறுத்துப் போட்ட கதிர் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள்.

மகளிடம் ஓட நினைத்தாள். கால் துணியாகத் துவண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய், கன்னத்தைத் தட்டினாள். ஓங்கி அறைந்தாள். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

டொக். டொக். டொக்.

இப்போது அவசரம் தெரிந்தது அதில்.

“அண்ணே. கதவைத் திற.”

“நீளச் சங்கு ஊதலை.”

“பிள்ளை கண்ணு முழிக்க மாட்டேங்குது. இங்க காத்து சரியில்லை. திற அண்ணே.”

அவர் திரும்பவில்லை. கதவோடு பேசுவது போலத்தான் பேசினார். நாக்கு குழறியது.

“அது இல்லம்மா. வெளியில தட்டுது பாரு. இன்னிக்குத் தட்டுனதும் திறந்துட்டா, அன்னிக்கு ஏன் திறக்கலைன்னு ஆயிடும்.”

ஒரு வருடமாக இருவருக்கும் நடுவில் கிடந்த பேச்சு அது. அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டாள். அது ஈர மண் மூட்டை மாதிரி கனத்தது. கதவுவரை எப்படி நடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

“ஆகட்டும்” என்றாள். “ஆயிட்டுப் போகட்டும். திற.”

அவர் கை சக்கரத்தை விடவில்லை. அவள் ஒரு கையால் அதைத் திருப்பப் பார்த்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் கோபம் இல்லை. பயந்த குழந்தை பிடிப்பது போலத்தான் இருந்தது.

தட்டுவது நின்றுவிட்டது.

அந்த அமைதி தட்டியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு, கதவின் அடிப்பக்கத்திலிருந்து, இரும்பையும் ரப்பரையும் தாண்டிக் கேட்கவே கூடாத அளவுக்கு மெதுவாக ஒரு குரல் வந்தது. நடிப்பு கலக்காத சொந்தக் குரல்.

“மச்சான்.”

அண்ணனின் வாயிலிருந்து வந்தது அழுகையா, மூச்சா என்று அவளால் சொல்ல முடியாது. தங்கையின் கையை உதறிவிட்டு, அவரே சக்கரத்தைத் திருப்பினார். அது சிக்கியது. தோளைக் கொடுத்துத் திருப்பினார். பட்டை பிரிந்து, கதவு ஒரு சாண் நகர்ந்தது. குளிர்ந்த நல்ல காற்று முகத்தில் அறைந்தது.

வெளியே யாரும் இல்லை.

படிக்கட்டு நெடுகச் சுண்ணாம்புப் பொடி, சலித்து விரித்தாற்போல, ஒரு பறவை நடந்த தடம்கூட இல்லாமல் மேல்படிவரை வெள்ளையாகக் கிடந்தது. கீழே, கதவையொட்டி மட்டும், ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து சாய்ந்திருந்த அளவுக்குப் பொடி அமுங்கியிருந்தது. கதவின் வெளிப்பக்கத்தில், முழங்காலுக்கும் கீழே, விரல் கணுக்கள் பட்ட வெள்ளைப் புள்ளிகள்.

அதை அவள் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார்.

அடுத்த கணம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பொடியை மிதித்தபடி அவள் மேலே ஓடினாள். அண்ணன் உள்ளே திரும்பி, கைக்குக் கிடைத்தவரை இழுத்துக்கொண்டு வந்தார்.

மேல்படியில் பயிற்சி அதிகாரி நின்றிருந்தார். நீளச் சங்கு ஊதுவதற்குள் யார் திறக்கச் சொன்னது என்று சத்தம் போட வாயெடுத்தவர், குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு எல்லோரும் கீழே ஓடினார்கள். ஒவ்வொருவராகத் தூக்கி வந்து புல்தரையில் கிடத்தினார்கள். வாந்தி எடுத்தார்கள், அழுதார்கள். எதிர்வீட்டுக்காரி கண் விழித்ததும் முதலில் தன் விசிறியைக் கேட்டாள். கடைசியாகத்தான் மகள் இருமினாள். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் அவள் மண்ணில் உட்கார்ந்தாள்.

காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை. புது ஜெனரேட்டரை நிழலான இடம் என்று சுவரோரம் நிறுத்தி, ஒத்திகை நெடுக ஓடவிட்டிருந்தார்கள். அதன் புகைக்குழல், பதுங்கறைக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாயைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே சுற்றச் சுற்ற, தூசியை மட்டுமே தடுக்கும் வடிகட்டி வழியாக அந்தப் புகையைத்தான் இழுத்து விட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்றார் மருத்துவர். மகளுக்காக எவ்வளவு வேகமாகச் சுற்றினோம் என்று நினைத்தபடி அவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

யார் கீழே வந்து தட்டியது என்று அதிகாரியிடம் அண்ணன் கேட்டார்.

“யாருமே இறங்கலைங்க. பொடி தூவினதுல இருந்து நான் படிவாசலை விட்டு நகரவே இல்லை” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்தார். குழந்தைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார். அவள் வா என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்து, வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவர் பிசைந்தாரே தவிர, வாயில் வைக்கவில்லை.

“நீயும் பாத்தியாம்மா?”

“பாத்தேன்.”

“என்னைக் காட்டிக் கொடுக்கத்தான் வந்தாரோன்னு நெனச்சேன். பிள்ளையைக் காப்பாத்த வந்திருக்காரு.”

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. விளக்கைப் போட எழுந்தாள்.

டொக். டொக்.

இருவரும் வாசலைப் பார்த்தார்கள். கதவு சுவரோடு சுவராகத் திறந்து கிடந்தது. வாசலில் யாரும் இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று.

திறந்த கதவை யார் தட்டுவார்கள்?

டொக்.

அடிப்பக்கத்தில்.

அண்ணன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் உதறிவிட்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. வாசல்வரை போய், விருந்தாளியை அழைப்பது போலத் தலையைத் தாழ்த்தி, கரகரத்த குரலில் சொன்னார்:

“உள்ள வாங்க மாப்பிள்ளை.”

தட்டுவது நின்றது. ஏதோ ஒரு குளிர் அவர்களைக் கடந்து உள்ளே போனது போலிருந்தது. அவ்வளவுதான். உள்ளறையில் குழந்தை புரண்டு படுத்தாள்.

காலையில் கூட்டும்போது, மகளின் கட்டிலருகே, சுவரையொட்டி, ஒருவர் சாய்ந்து உட்காரும் இடத்தில் கொஞ்சம் வெள்ளைப்பொடி கிடந்தது. அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினாள். பயம் இருந்தது. ஆனாலும், வந்தவர் வீட்டுக்காரர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மகள் தேறினாள். அவளும் தொலைபேசி அலுவலகத்தில், அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் தன் இணைப்புப் பலகை வேலைக்குத் திரும்பினாள். காலையில் மகளைப் பள்ளியில் விட்டு, அப்படியே அலுவலகம் போய், சாயங்காலம் மகளோடு வீடு திரும்புவாள்.

ஒருநாள் அவள் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போடும்போது எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். அவளையும், கையைப் பிடித்து நின்ற மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன்டி, தினமும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும்தானே போறீங்க? அப்ப உள்ள யாரு?”

“யாரும் இல்லையே அக்கா.”

“அப்புறம் நீ பூட்டிட்டுத் தெருமுனை திரும்பினதும் உள்ளேருந்து கதவைத் தட்டுறது யாரு? சாயங்காலம் நீ வர்ற வரைக்கும் விட்டு விட்டுத் தட்டிக்கிட்டே இருக்கு. ஏதோ சின்னப் பிள்ளை போல. கதவுக்கு அடியில இருந்துல்ல தட்டுது. பாவம், திறந்து வெச்சிட்டுத்தான் போயேன்.”